ஞானசேகரன் எந்த வீட்டார்?

கெர்பாவ் சாலை, தேக்கா, சிங்கப்பூர்
19 ஆகஸ்ட் 2024, திங்கள்

இளா,

வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். போன் செய்தால் ஒரே மணியில் துண்டிக்கப்பட்டுவிடுகிறது. மின்னஞ்சலைத் தடுக்க மட்டும் மறந்துவிட்டாய் போலிருக்கிறது, அதனால் இந்த வழியாக வருகிறேன். நலமா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். நேரே விஷயத்துக்குப் போகிறேன்.

நம் ‘பந்தல்’ இணையதளத்துக்கு முதல் வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார். நம் என்று கை தானாக எழுதிவிட்டது, இருக்கட்டும். சிராங்கூன் சாலையில் கல்யாண ஏற்பாட்டுக் கடை வைத்திருக்கும் ருக்கையா அக்கா. அழைப்பு, சாப்பாட்டு இலை, மேடைக்கு யார் எப்போது வர வேண்டும் என்பது வரை எல்லாவற்றையும் நம் தளத்திலேயே நடத்திப் பார்க்கிறேன் என்றார். முதல் கல்யாணம் ஒழுங்காக நடந்தால் தீபாவளிக்குப் பிறகு அவர் எடுத்திருக்கும் அத்தனை கல்யாணங்களும் நமக்குத்தான். அன்று நான் குதித்த குதியில் கீழே பூக்கடைக்காரர் மேலே ஏறி வந்து என்னவென்று கேட்டார்.

அந்த முதல் கல்யாணம்தான் நின்றுவிடும் போலிருக்கிறது. காரணம் நம் டேட்டாபேஸ்.

பெண் பெயர் சிவானி. மாப்பிள்ளை ரித்திக், அவளுடைய சொந்த அத்தை மகன். பெண்ணின் அப்பா ஞானசேகரனும் மாப்பிள்ளையின் அம்மா விசாலாட்சியும் கூடப்பிறந்த அண்ணன் தங்கை. இதைப் படித்ததும் உனக்குப் பாதி புரிந்திருக்கும்.

விருந்தினர் பதிவுகளுக்கு அச்சாக எழுதிய கிளாஸில் நான் வைத்த ‘எந்த வீடு’ என்ற ஃபீல்ட், அந்தக் கட்டம், நினைவிருக்கிறதா? பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரே கைபேசி எண் மறுபடியும் வந்தால் பழைய பதிவை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும். பெண் வீட்டார் முதலில் தங்கள் ஆட்களை ஏற்றினார்கள். நேற்று மாப்பிள்ளை வீட்டார் ஏற்றினார்கள். இரண்டு பக்கமும் பாதிப் பேர் அதே சித்தப்பா, அதே பெரியம்மா. அத்தனை பேரும் கண்ணிமைக்கும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டார்கள், பெண்ணின் அப்பா உட்பட.

இன்று காலை ஞானசேகரன் தளத்தைத் திறந்து தன் பெயரைத் தேடியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டு விருந்தினர்களுக்குள் எங்கோ நடுவில் கிடந்திருக்கிறது. உடனே எனக்குப் போன் வந்தது.

“என் பொண்ணு கல்யாணத்துல நான் விருந்தாளியாம்மா? இது கம்ப்யூட்டர் வேல இல்ல, என் தங்கச்சி வேல. எல்லாத்தையும் அவளே வச்சிக்கட்டும் லா. அவ வந்து பேசுற வரைக்கும் நான் மண்டபத்துக்கு வரமாட்டேன்.”

அப்பா இல்லாமல் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சிவானி அழுகிறாள். செப்டம்பர் எட்டாம் தேதி முகூர்த்தம். மானத்தை விட்டுக் கேட்கிறேன், இதை எப்படித் திருத்துவது?

கவி

*

தெம்பனிஸ்
20 ஆகஸ்ட்

கவிப்ரியா,

மின்னஞ்சலைத் தடுக்க மறக்கவில்லை.

உன் கடிதத்தை அலுவலகக் கூட்டத்தின் நடுவே மேசைக்குக் கீழே வைத்துப் படித்தேன். ‘நான் விருந்தாளியா’ என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். வீட்டுக்கடன் வட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மேலாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வங்கி வேலை எனக்கு ஒத்துப்போகவில்லை என்று நீ நினைத்துக்கொள்ள வேண்டாம். சம்பளம் ஒழுங்காக வருகிறது, யாரும் கத்துவதில்லை.

ஏப்ரலில் நான் என்ன சொன்னேன்? வீடு என்பது ஓர் ஆளுக்கு மூக்கு மாதிரி கூடவே பிறந்தது இல்லை, அது அந்தக் கல்யாணத்தில் அவருக்குள்ள இடம், இரண்டையும் ஒரே கிளாஸில் போட்டுக் குழப்பாதே என்றேன். நீ “படம் வரைஞ்சுக்கிட்டே இரு, நான் கடையத் தொறக்கறேன்” என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் மறுநாள் வந்திருப்பேன். “இது என் கம்பெனி, நீ இங்க கோட் எழுத வந்தவ” என்றும் சொன்னாய். பல்கலைக்கழகத்தில் முதல் வருஷத்திலிருந்து ஒரே அறை, ஒரே சட்டி சாப்பாடு, உன் அம்மா எனக்கும் சேர்த்துத் தீபாவளித் துணி எடுப்பார். அதற்கெல்லாம் பிறகு அந்த வார்த்தை. அதனால்தான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். இதை நீ தெரிந்துகொண்டால் போதும், பதில் எழுத வேண்டாம்.

ஆனால் அண்ணனும் தங்கையும் சம்பந்தியாகிற கல்யாணத்தை நான்கூட யோசிக்கவில்லை. எத்தனை கல்யாணம் அப்படிப் பார்த்திருக்கிறோம், ஒருவருக்கும் தோன்றவில்லை பார். நேற்று முதல் மண்டைக்குள் அதுதான் ஓடுகிறது, ருசியான பிரச்சினை. அந்த மனிதர் பெண்ணுக்கு அப்பா, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். இரண்டுமே பெரிய இடம். ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பிடுங்கினால் யாருக்குத்தான் வலிக்காது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ‘இரண்டு வீடும்’ என்று மூன்றாவதாக ஒரு பதிலைச் சேர்த்துத் தப்பிக்கப் பார்க்காதே. உன்னை எனக்குத் தெரியும், அதைத்தான் செய்வாய்.

இதற்கு மேல் உதவ எனக்கு நேரமில்லை.

இளமதி

*

தேக்கா
22 ஆகஸ்ட்

இளா,

உன் கடிதம் வருவதற்குள் செய்துவிட்டேன்.

‘இரண்டு வீடும்’ என்று சேர்த்ததும் சமையல்காரருக்குப் போகும் பக்கம் அத்தனை உறவினரையும் பெண் வீட்டுக்கு ஒரு முறை, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு முறை என்று எண்ணிவிட்டது. ருக்கையா அக்கா போன் செய்தார். “ஏன்மா, திடீர்னு இவ்ளோ இலை? சிங்கப்பூர் முழுக்கக் கூப்பிடறாங்களா?” கையால் கூட்டிக் கழித்துச் சரிசெய்து கொடுத்தேன். அவருக்கு என் மேல் இருந்த நம்பிக்கையிலும் கொஞ்சம் கழிந்துவிட்டது.

நேற்று குவீன்ஸ்டவுனுக்கு ஞானசேகரன் அங்கிளைப் பார்க்கப் போனேன். தளத்தைக் காட்டி, இப்போது உங்கள் பெயருக்கு நேரே இரண்டு வீடும் என்று இருக்கிறது பாருங்கள் என்றேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“ரெண்டு வீடுன்னா? எனக்கு வீடு ஒண்ணுதாம்மா, இந்தா இந்த வீடு.” பிறகு மைலோ கலந்து கொடுத்தார். நல்ல மனிதர், இளா. குடித்து முடிக்கும்போது மெதுவாகச் சொன்னார். “நீ கம்ப்யூட்டர் தப்புங்கற, சரி. ஆனா அவ மனசுல எனக்கு என்ன எடம்னு தெரிஞ்சு போச்சு. அத நீ எங்க திருத்துவ?”

கிராஞ்சியில் விசாலாட்சி ஆன்ட்டியின் செடிப் பண்ணைக்கும் போனேன். அந்தப் பக்கம் பஸ் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. அவர் மண்டபத்து வாசலில் கட்ட வாழைக்கன்றுகளைத் தனியே எடுத்து வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “எங்க அண்ணன் பொண்ணு, எங்க அண்ணன் வீட்டுக் கல்யாணம். இதுல நான் போய் என்னத்தப் பேசணும்? கோவம் தணிஞ்சா அவரே வருவாரு லா,” என்றார். ஆனால் என்னை வழியனுப்ப வந்தவர் கேட் அருகே நின்று, “சாப்பிடறாரா ஒழுங்கா?” என்று கேட்டார்.

இருவருக்கும் ஆசை இருக்கிறது, இருவரும் அசைய மாட்டேன் என்கிறார்கள். எனக்குச் சரியான மாடல் வேண்டும், இளா. தாய்மாமன், நாத்தனார், சம்பந்தி என்று ஆளுக்கொரு கிளாஸ் எழுதிவிடட்டுமா? அதைத்தான் இன்று காலை ஆரம்பித்தேன். தப்பு என்றால் உடனே சொல்.

கவி

*

தெம்பனிஸ்
25 ஆகஸ்ட், ஞாயிறு

கவி,

தப்பு. உடனே நிறுத்து.

தாய்மாமன் என்று யாரும் பிறப்பதில்லை. இந்தக் கல்யாணத்தில் தாய்மாமனாக நிற்பவர் அடுத்த கல்யாணத்தில் சும்மா சாப்பிட வருவார், அதற்கடுத்ததில் பெண்ணுக்கு அப்பா. ஆளுக்கொரு கிளாஸ் எழுதினால் ஒரே மனிதரை மூன்று மனிதராக வளர்ப்பாய். மூன்று பேருக்கும் இலை போடுவார் உன் சமையல்காரர்.

நேரமில்லை என்று எழுதியவள்தான் இரண்டு நாளாக அறையை விட்டு வெளியே வரவில்லை. சோறுகூட ஆறிப்போனது. இப்போது கேள், சொல்வதற்குள் எனக்கே மூச்சு வாங்குகிறது.

மூன்றே கிளாஸ். ஒன்று ‘ஆள்’. பெயர், கைபேசி எண், அவ்வளவுதான். வீடும் கிடையாது, முறையும் கிடையாது. ஞானசேகரன் உலகத்தில் ஒரே ஒருவர், டேட்டாபேஸிலும் ஒரே ஒருவர். இரண்டாவது ‘கல்யாணம்’. நாள், மண்டபம். மூன்றாவதுதான் உயிர். அதற்குப் ‘பங்கு’ என்று பெயர் வைத்திருக்கிறேன். ஓர் ஆளையும் ஒரு கல்யாணத்தையும் அது இணைக்கும். இந்த ஆள் இந்தக் கல்யாணத்தில் இன்ன முறையில் நிற்கிறார் என்று ஒரு வரி. ஒருவருக்கு எத்தனை பங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஞானசேகரனுக்கு இரண்டு: பெண்ணின் அப்பா, மாப்பிள்ளையின் தாய்மாமன். விசாலாட்சிக்கு இரண்டு: மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணின் அத்தை. ஒன்று மற்றதைத் தொடவே தொடாது.

சமையல்காரர் ஆளை எண்ணட்டும். மேடையும் மாலையும் அழைப்பும் பங்கை எண்ணட்டும். இலைக்கு ஓர் ஆள் ஒருமுறைதான், மரியாதைக்கு எத்தனை பங்கோ அத்தனை முறை. இதை எழுதிவிட்டு எழுந்து அறைக்குள் ஒரு சுற்று நடந்தேன், கவி. அவ்வளவு சந்தோஷம்.

பங்கில் இன்னொரு ஃபீல்டும் வைத்திருக்கிறேன்: ‘அழைக்க வேண்டியவர்’. என் அக்கா கல்யாணத்தில் திருவாரூர் மண்டபத்து வாசல் வரை வந்த தாய்மாமன் காரை விட்டு இறங்கவே இல்லை. அம்மா நேரில் வந்து தட்டு வைத்து அழைக்கவில்லையாம், பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டாராம். தாய்மாமனைக் கூடப்பிறந்தவள் அவர் வீட்டுக்குப் போய் அழைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கம் சட்டம் மாதிரி. ஆகவே ஒவ்வொரு பங்குக்கும் யார் அழைக்க வேண்டும், அழைத்தாயிற்றா என்று இருக்கும். அழைக்காவிட்டால் உரியவருக்கு நினைவூட்டல் போகும்.

கோட் முழுவதும் இத்துடன். முதலில் யாருக்கும் செய்தி போகாதபடி டெஸ்ட்டில் ஓட்டிப் பார். நன்றி எதுவும் எழுதாதே, பிரச்சினை ருசியாக இருந்ததால் செய்தேன்.

இளமதி

*

தேக்கா
27 ஆகஸ்ட், காலை

இளா,

நன்றி எழுதவில்லை. ஆனால் இதைக் கேள்.

நேற்று மாலை முழுவதும் பழைய பதிவுகளை உன் மூன்று கிளாஸுக்குள் மாற்றினேன். இன்று காலை ‘ஞானசேகரன்’ என்று தேடினேன். ஒரே ஓர் ஆள். அவருக்குக் கீழே இரண்டு வரி. பெண்ணின் அப்பா. மாப்பிள்ளையின் தாய்மாமன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிக்காதே. இலை எண்ணிக்கையை ஓட்டினேன், கையால் கூட்டி வைத்திருந்ததோடு அப்படியே பொருந்தியது. நாற்காலியை விட்டு எழுந்து ஆடினேன். பூக்கடைக்காரர் இந்த முறை மேலே வரவில்லை, பழகிவிட்டார்.

ஞானசேகரனுடைய முதல் வரி பச்சை. இரண்டாவது வரி சிவப்பு. பக்கத்தில் ‘அழைக்கப்படவில்லை’ என்று இருந்தது. விசாலாட்சிக்கும் அதே மாதிரி, மாப்பிள்ளையின் அம்மா பச்சை, பெண்ணின் அத்தை சிவப்பு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொந்த வீட்டுக் கல்யாணம்தானே என்று தங்கை அண்ணனைத் தாய்மாமனாகப் போய் அழைக்கவே இல்லை. அண்ணனும் தங்கையைப் பெண்ணின் அத்தையாக அழைக்கவில்லை. மனசில் என்ன இடம் என்று அவர் கேட்டது இதைத்தான். ‘எந்த வீடு’ ஃபீல்ட் வெறும் சாக்கு.

இந்தக் கண்டுபிடிப்பில் நான் மெய்மறந்து உட்கார்ந்திருந்தபோது, டெஸ்ட் சுவிட்சைப் போடாதது நினைவுக்கு வந்தது. நினைவூட்டல்கள் போய்விட்டன, இளா. நிஜமான கைபேசிகளுக்கு.

விசாலாட்சிக்குப் போனது இது: ‘மாப்பிள்ளையின் தாய்மாமன் திரு. ஞானசேகரன் இன்னும் அழைக்கப்படவில்லை. அழைக்க வேண்டியவர்: நீங்கள்.’ அங்கிளுக்குப் போனது: ‘பெண்ணின் அத்தை திருமதி விசாலாட்சி இன்னும் அழைக்கப்படவில்லை. அழைக்க வேண்டியவர்: நீங்கள்.’

இரண்டிலும் நீல நிற டிக் விழுந்துவிட்டது. ஒருவரும் போன் செய்யவில்லை. இப்போது நான் என்ன செய்ய?

கவி

*

தெம்பனிஸ்
27 ஆகஸ்ட், மதியம்

கவி,

டெஸ்ட் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேனே, கண்ணை எங்கே வைத்திருந்தாய்?

‘அழைக்க வேண்டியவர்: நீங்கள்’ என்று பள்ளிக்கூட ஆசிரியர் மாதிரி எழுதியது நான்தான். இப்போது படித்தால் எனக்கே கோபம் வருகிறது. ஒன்றும் செய்யாதே. மன்னிப்புச் செய்தி அனுப்பாதே. அனுப்பினால் அது இன்னொரு வம்பு.

ஏதாவது தெரிந்தால் உடனே எழுது. உடனே.

இளா

*

தேக்கா
1 செப்டம்பர், ஞாயிறு

இளா,

நான்கைந்து நாள் ஒரு சத்தமும் இல்லை. உன்னிடம் சொல்ல ஒன்றுமில்லாததால் எழுதவில்லை. நேற்று நடந்ததைக் கேள், உட்கார்ந்துகொண்டு கேள்.

சனிக்கிழமை மதியம் ஞானசேகரன் அங்கிள் வெற்றிலை, தேங்காய், பழம், புடவை வைத்த தட்டை ஒரு பெரிய பைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு ரயிலேறிக் கிராஞ்சிக்குப் போயிருக்கிறார். அதே மதியம் விசாலாட்சி ஆன்ட்டி அதே மாதிரி ஒரு தட்டோடு பண்ணை வேனில் குவீன்ஸ்டவுனுக்குப் போயிருக்கிறார். சொல்லாமல் போய் நிற்க வேண்டும் என்று இருவருக்கும் வீம்பு. குவீன்ஸ்டவுனில் சிவானியும் அவள் அம்மாவும் ரவிக்கை வாங்கத் தையல்காரரிடம் போயிருந்தார்கள், வீடு பூட்டியிருந்தது. கிராஞ்சியில் பண்ணை கேட்டும் பூட்டியிருந்தது.

கடைசியில் அங்கிள்தான் போன் செய்திருக்கிறார். அவர் எனக்கு நடித்தே காட்டினார்.

“எங்கடி இருக்க?”

“ஏன், நீங்க எங்க இருக்கீங்க?”

“உன் வாசல்லதான். கொசு புடுங்குது.”

“நான் உங்க வாசல்ல நிக்கறேன், அண்ணே.”

அதோடு முடிந்திருக்க வேண்டாமா? இல்லை. தாய்மாமனை அவர் வீட்டில் வைத்துத்தான் அழைக்க வேண்டும், நீங்கள் வாருங்கள் என்கிறார் ஆன்ட்டி. அத்தையை அவள் வீட்டில் வைத்துத்தான் அழைக்க வேண்டும், நீ வா என்கிறார் அங்கிள். பத்து நாளுக்கு மேலாகப் பேசாதவர்கள் போனிலேயே அரைமணி நேரம் சண்டை போட்டிருக்கிறார்கள். சிவானி விஷயம் தெரிந்து ருக்கையா அக்காவுக்குச் சொல்ல, அவர் இருவரையும் அதட்டித் தன் கடைக்கு வரச் சொல்லிவிட்டார். என்னையும் கூப்பிட்டார்.

கடையில் மாதிரிப் பத்திரிகைகளுக்கு நடுவே அண்ணனும் தங்கையும் எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் தட்டை நீட்டினார்கள். இருவர் கையிலும் தட்டு, வாங்க யாருக்கும் கை இல்லை. பிறகு ஆன்ட்டிதான் முதலில் சிரித்தார், சிரிப்பு அழுகையாகிவிட்டது. ருக்கையா அக்கா ஒரு தட்டை வாங்கிக்கொண்டு, “மொதல்ல மாமா வாங்குங்க, அப்புறம் அத்தை. எனக்கு வேற கல்யாணம் இருக்கு,” என்றார்.

நான் அங்கேயே நின்று இரண்டு சிவப்பு வரியையும் பச்சையாக்கினேன். அங்கிள் எட்டிப் பார்த்து, “ரெண்டும் பச்சையாம்மா?” என்று கேட்டார். மண்டபத்துக்கு வருகிறார்.

இது உன் வேலை, இளா. எட்டாம் தேதி கல்யாணத்துக்கு வா. சிவானியே உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

கவி

*

தெம்பனிஸ்
3 செப்டம்பர்

கவி,

நீ எழுதியதை ரயிலில் படித்தேன். வாங்க யாருக்கும் கை இல்லை என்ற இடத்தில் எனக்கும் அழுகை வந்தது. எதிரில் இருந்த சீனப் பாட்டி ஒரு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார்.

கல்யாணத்துக்கு வரமாட்டேன். அங்கே என்னை யாரென்று சொல்லி அறிமுகம் செய்வாய், கோட் எழுத வந்தவள் என்றா? யோசித்துப் பார்த்தேன், அந்த ஒரு வார்த்தை இன்னும் தொண்டையில் நிற்கிறது. நடிக்கத் தெரியவில்லை எனக்கு.

வேலையை மட்டும் முடித்துத் தருகிறேன். இரண்டு ஆட்களுக்கு நடுவே உள்ளதைப் பதிய ‘உறவு’ என்று நான்காவதாக ஒரு கிளாஸ் சேர்த்து, அண்ணன் தங்கை போன்ற பழைய உறவுகளை அதில் ஏற்றிவிட்டேன். தாலி கட்டியதும் ‘திருமணம் நிறைவு’ என்ற பட்டனை அழுத்து. அதுவரை இல்லாத புது உறவுகளை, மருமகள், மாமியார், சம்பந்தி எல்லாவற்றையும் தானாகப் பதிந்துகொள்ளும். சீமந்தம், காதணி விழா என்று அவர்கள் பிறகு வரும்போது உதவும். கோட் இத்துடன் இருக்கிறது. இந்த முறை டெஸ்ட்டைப் போடு.

இளமதி

*

தேக்கா
9 செப்டம்பர், திங்கள்

இளா,

நடந்துவிட்டது. ஒரு தவறும் இல்லாமல் நடந்துவிட்டது.

முந்தின நாள் பிள்ளையார் சதுர்த்தி, பூவுக்கு இந்தத் தெருவில் அடிதடி. எங்கள் பூக்கடைக்காரர் சிவானிக்கென்று மல்லிகையை ஒளித்து வைத்துக் கொடுத்தார். மண்டபத்து வாசலில் கிராஞ்சி வாழை. திரையில் ‘பெண்ணின் தந்தை’ என்று பெயர் வந்ததும் ஞானசேகரன் அங்கிள் மேடைக்கு ஏறிச் சிவானியின் பக்கம் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ‘மாப்பிள்ளையின் தாய்மாமன்’ என்று அதே பெயர் மறுபடி வந்தது. அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு மேடையைக் குறுக்கே கடந்து ரித்திக்கின் பக்கம் போய் மாலை போட்டார். கூட்டம் முழுவதும் கைதட்டியது. விசாலாட்சி ஆன்ட்டி அவர் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நிமிடம் உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், நீ வரவில்லை.

தாலி ஏறியதும் பட்டனை அழுத்தினேன். அங்கிள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

“அது என்னம்மா இப்ப அழுத்துன?”

“புது உறவெல்லாம் பதிவாகுது அங்கிள். இப்ப நீங்களும் ஆன்ட்டியும் சம்பந்தி.”

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு ரொம்பத் தணிந்த குரலில் கேட்டார். “சம்பந்தி ஆயிட்டா, அண்ணன்ங்கறது போயிடுமா?”

இத்தனை நாள் கோபத்துக்கும் அடியில் இதுதான் இருந்திருக்கிறது, இளா. பெண்ணைக் கொடுத்துவிட்டுத் தங்கையையும் இழந்துவிடுவோமோ என்று அந்த மனிதர் பயந்திருக்கிறார். இனி அவள் வீட்டுக்கு நினைத்த நேரத்தில் போக முடியுமா, அதட்ட முடியுமா, சம்பந்தி வீடாயிற்றே.

“எதுவும் போகாது அங்கிள். ஒண்ணு சேர்ந்தா இன்னொண்ணு அழியாது. அப்படித்தான் இத கட்டியிருக்கோம்,” என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. நேரே போய்த் தங்கை பக்கத்தில் இலையில் உட்கார்ந்து, “எனக்கு ஏண்டி அப்பளம் வைக்கல?” என்று சத்தம் போட்டார்.

ருக்கையா அக்கா தீபாவளிக்குப் பிறகான எல்லாவற்றையும் நமக்கே கொடுத்துவிட்டார். யார் கட்டியது என்று கேட்டார். என் தோழி இளமதியும் நானும் என்றேன். ‘என் கம்பெனி’ என்று அன்று சொன்னது வெறும் திமிர். இத்தனை கடிதத்திலும் உதவி உதவி என்று கேட்டேனே தவிர, வா என்று ஒருமுறைகூட எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். பாதி உன் பெயரில் பதிகிறேன். வந்துவிடு, இளா. நீ இல்லாமல் எனக்குப் பிடிக்கவில்லை.

கவி

*

10 செப்டம்பர்

கவி,

ஞானசேகரனிடம் நீ சொன்ன பதில் நல்ல பதில். ஆனால் அது பொய்.

உன் கடிதத்தைப் படித்ததும் சந்தேகம் வந்து, நீ இன்னும் மாற்றாத என் பழைய பாஸ்வேர்டில் டேட்டாபேஸைத் திறந்தேன். ஞானசேகரனுக்கும் விசாலாட்சிக்கும் நடுவே ‘சம்பந்தி’ என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. ‘அண்ணன் தங்கை’ இல்லை. நீ பட்டனை அழுத்திய நொடியில் அழிந்துவிட்டது. அழித்தது என் கோட். ஓர் ஆளுக்கு எத்தனை பங்கும் இருக்கலாம் என்று மூச்சு வாங்க உனக்குப் பாடம் எடுத்தவள், இரண்டு பேருக்கு நடுவே ஒரே ஓர் உறவுதான் என்று விதி வைத்திருக்கிறேன். புதியது வந்தால் பழையது போய்விடும். ‘எந்த வீடு’ என்று உன்னைக் கிழித்தேனே, அதே தப்பை வேறு இடத்தில் செய்திருக்கிறேன்.

அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உன்னிடமும் நான் இதைத்தான் செய்தேன். கம்பெனியில் சண்டை வந்ததும், அதற்கு முன்னால் நீ எனக்கு யாராக இருந்தாயோ அதையெல்லாம் சேர்த்து அழித்துவிட்டு வந்தேன். அழியவில்லை என்பது வேறு விஷயம். உன் கடிதம் ஒவ்வொன்றையும் நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

வேலையை விடுவதாக வங்கியில் காலையிலேயே சொல்லிவிட்டேன். ஒரு மாதம் அங்கே இருந்தாக வேண்டும், அதுவரை சனி ஞாயிறு வருவேன். பாதிப் பங்குக்குச் சரி.

ஆனால் இந்தத் தப்பு சனிக்கிழமை வரை தாங்காது. அந்த மனிதர் தளத்தைத் திறந்து பார்க்கிறவர். அடுத்த முறை அவர் திறக்கும்போது அவருடைய தங்கை அங்கே இருக்க வேண்டும். வீட்டிலிருந்தே திருத்தி அனுப்பலாம்தான். ஆனால் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன், இதை ரயிலில் தட்டிக்கொண்டிருக்கிறேன், பூகிஸ் தாண்டியாயிற்று, தேக்காவுக்கு இன்னும் இரண்டே நிறுத்தம்.

என் நாற்காலி மேல் பெட்டியெல்லாம் அடுக்கி வைத்திருப்பாய். இறக்கி வை.

இளா